கோழிக்குடல் வாசியைப் பிடிப்பது எப்படி?

காற்றில் உள்ள அளவு ஆக்சிஜனே தாங்காது. உலர்ந்தால் செத்துவிடும். 30 டிகிரிக்குக் கீழே பெருகாது. உப்பும் ஆகாது, புளிப்பும் ஆகாது. இப்படி ஒரு நோஞ்சான் கிருமிதான் கேம்பிலோபாக்டர். ஆனால் ஐரோப்பாவில் உணவு வழியாகத் தொற்றும் வயிற்றுப்போக்குக் கணக்கில், சால்மொனெல்லா என்ற இன்னொரு கிருமியைத் தாண்டிப் பல ஆண்டுகளாக முதலிடத்தில் இருப்பதும் இதுதான்.

இதன் சொந்த வீடு கோழிக்குடல். கோழியின் உடம்புச் சூடு ஏறக்குறைய 42 டிகிரி. இதற்கு அதுவே இதம். குடலின் சளிப் படலத்தில் ஆக்சிஜனும் குறைவு. கோழி பெரும்பாலும் நோய்ப்படுவதில்லை என்பதால் பார்த்துக் கண்டுபிடிக்க வழியில்லை. அறுத்துச் சுத்தம் செய்யும்போது குடலில் இருந்தது தோலுக்கு வந்து, ஈரமான இறகுக் குழிகளில் பதுங்கிக்கொள்கிறது.

அப்புறம் அந்தக் கறி பிரிட்ஜுக்குப் போகிறது. நம் கணக்கு தப்புவது இங்கேதான். அறை வெப்பத்தில் சீக்கிரம் சாகிற இந்தக் கிருமி, 4 டிகிரி குளிரும் ஈரமும் கிடைத்தால் நாள்கணக்கில் தாக்குப்பிடிக்கும். ஃப்ரீசரில் பெரும்பகுதி செத்தாலும் மிச்சம் இருக்கும். நோய் உண்டாக்க அது பெருகக்கூட வேண்டாம். பிரிட்டனில் ராபின்சன் என்ற ஆய்வாளர் பாலில் சுமார் 500 கிருமிகளைக் கலந்து தானே குடித்து நோயில் விழுந்து, அதை 1981-இல் கட்டுரையாக்கினார். நல்ல துணிச்சல்! பச்சைக் கோழியிலிருந்து வடியும் நீரில் ஒரு துளியிலேயே அந்த அளவு இருக்கக்கூடும். கறியை வேகவைத்தால் கிருமி ஒழிந்துவிடும், சரி. அதே பலகையில் நறுக்கிய வெள்ளரிக்காயை யார் வேகவைக்கிறார்கள்?

இவ்வளவு பரவலான கிருமி 1970கள் வரை மருத்துவர்களிடம் பெரும்பாலும் சிக்கவில்லை. மலத்தில் இருக்கும் மற்ற கிருமிகள், ஆய்வகத்தில் கிருமி வளர்க்கும் தட்டில் மளமளவென்று வளர்ந்து இதை மூடிவிடும். பிரஸ்ஸல்ஸில் புட்ஸ்லர் என்ற ஆய்வாளரின் குழுவினர் 1972-இல் ஒரு தந்திரம் செய்தார்கள். திருகுபோல மெலிந்து நெளியும் இந்தக் கிருமி நுண்துளை வடிகட்டியில் நுழைந்து வெளியேறியது. மற்றவை பெரும்பாலும் மேலேயே தங்கின. 1977-இல் இங்கிலாந்தின் மார்ட்டின் ஸ்கிரோ வடிகட்டியே இல்லாமல், மற்ற கிருமிகளை அடக்கும் ஆன்டிபயாடிக்குகளை வளர்ப்புத் தட்டிலேயே கலந்துவிட்டார். அதன்பிறகுதான் சாதாரண ஆய்வகங்களுக்கும் இது கைகூடியது.

இன்றைய சோதனையும் கோழிக்குடலைப் போலச் செய்வதுதான்: 41.5 டிகிரி சூடு, சுமார் 5 சதவீத ஆக்சிஜன், நச்சாகும் ஆக்சிஜன் சேர்மங்களை உறிஞ்சத் தட்டில் உள்ள வளர்ப்புக் கலவையில் கரித்தூள். 44 மணி நேரம் காத்திருந்தால், கரிய தட்டில் சாம்பல் நிறத் திட்டுகள் ஈரப் பளபளப்போடு தெரியும்.

தண்ணீரில் இதைத் தேடும்போது வேறு சிக்கல். 2016 ஆகஸ்டில் நியூசிலாந்தின் ஹேவ்லாக் நார்த்தில் பெருமழை ஆட்டுச் சாணத்தை அடித்துக்கொண்டு போய்க் குடிநீர்க் கிணற்றில் சேர்த்தது. குளோரின் கலக்காத நீர். சுமார் 14,000 பேர் வாழும் ஊரில் 5,000-க்கும் மேற்பட்டோர் படுத்துவிட்டார்கள். குளிர்ந்த நீரில் நாளாக ஆக, இந்தக் கிருமி திருகு வடிவம் போய் உருண்டையாகிவிடுகிறது. தட்டில் வளராது, ஆனாலும் செத்துவிட்டது என்று சொல்ல முடியாது. பிசிஆர் சோதனை டிஎன்ஏவைக் கண்டுபிடிக்கும், ஆனால் செத்த கிருமியின் டிஎன்ஏவையும் சேர்த்தே எண்ணும். அதனால் முதலில் ஒரு சாயத்தைக் கலக்கிறார்கள். உறை கிழிந்த செல்லுக்குள் மட்டும் அது புகும். வெளிச்சம் பட்டதும் அங்கே உள்ள டிஎன்ஏவோடு ஒட்டிப் பூட்டிவிடும். அப்படிப் பூட்டியதைப் பிசிஆர் எண்ணாது, உறை கிழியாதவை மட்டுமே கணக்கில் வரும்.