'பல்துறைக் கல்வி' அல்ல, கூடிக் கற்றல்

மருத்துவம், நர்சிங், பார்மசி, பிசியோதெரபி படிக்கிற பிள்ளைகள் ஒன்றாக உட்கார்ந்து கற்பதற்கு 'இன்டர்புரொபஷனல் எஜுகேஷன்' என்று பெயர். அதைப் 'பல்துறைக் கல்வி' என்று கருத்தரங்க அழைப்பிதழிலும் ஆய்வுக் கேள்வித்தாளிலும் திரும்பத் திரும்ப எழுதுகிறார்கள். அது தவறு.

மூலம் எளிது. 'இன்டர்' என்றால் லத்தீனில் இடையே. 'புரொபஷன்' ஊரறியச் சொல்லுதல் என்ற பொருளில் தொடங்கி, தொழில் என்று ஆனது. இந்தக் கல்வியை வளர்ப்பதற்கென்றே பிரிட்டனில் இருக்கிற கேப் (CAIPE) அமைப்பு தந்த வரையறைதான் எல்லோரும் எடுத்தாள்வது: இரண்டோ அதற்கு மேலோ தொழிலைச் சேர்ந்தவர்கள் ஒருவரோடு ஒருவர், ஒருவரிடம் ஒருவர், ஒருவரைப் பற்றி ஒருவர் கற்பது. உலக சுகாதார நிறுவனம் 2010-இல் வெளியிட்ட செயல்திட்டமும் இதையொட்டியே பேசுகிறது.

இப்போது 'பல்துறை'யைப் பாருங்கள். 'பல' என்பது எண்ணிக்கை மட்டும்தான். நூறு பேர் ஒரே அரங்கில் உடற்கூறியல் வகுப்பு கேட்டுவிட்டு அவரவர் விடுதிக்குப் போனாலும் அது பல்துறைதான், ஆனால் யாரும் யாரிடமும் எதையும் கற்கவில்லை. அதைவிடப் பெரிய சிக்கல் 'துறை'. தருமபுரி பெரியாஸ்பத்திரியில் துறை என்று சொன்னால் எலும்பு, கண், குழந்தைகள் என்றுதான் யாருக்கும் தோன்றும், அத்தனையும் டாக்டர்களின் பிரிவுகள், நர்ஸும் பார்மசிஸ்டும் அந்தச் சொல்லுக்குள் வருவதே இல்லை. கிருஷ்ணகிரி பக்கம் நர்சிங் படிக்கிற என் அக்கா மகள் இப்படி ஒரு கேள்வித்தாளை நிரப்பினாள். வார்டு வார்டாக டூட்டி போடுவதைக் கேட்கிறார்கள் என்று நினைத்து எல்லாவற்றுக்கும் 'ஒப்புக்கொள்கிறேன்' என்று குறித்துவிட்டாள். இந்த வகைக் கேள்வித்தாள்களில் ஒன்றான, 1999-இல் பார்செல், பிளை இருவரும் உருவாக்கிய 19 கூற்றுகள் கொண்ட அளவுகோல், மற்றத் தொழில் மாணவர்களோடு சேர்ந்து கற்க மாணவர்களுக்கு இருக்கிற ஆயத்தத்தை அளக்க வந்தது. சொல் பிசகினால் அது அளப்பது வேறு எதையோ.

'தொழிலிடைக் கல்வி' என்று சிலர் முன்வைக்கிறார்கள். தூய தமிழ்தான், சொல்லுக்குச் சொல் சரிதான், ஆனால் ஆசிரியர்களுக்கு நடக்கிற பணியிடைப் பயிற்சியைக் கேட்டுப் பழகிய காதுக்கு, வேலைக்கு நடுவில் படிப்பது என்றுதான் விழும். தூய்மை மட்டும் போதாது, கேட்டதும் புரிய வேண்டும்.

நான் சொல்வது 'கூடிக் கற்றல்'. தலைப்பில் விளக்கம் வேண்டுமென்றால் 'பல தொழிலார் கூடிக் கற்றல்'. தருமபுரி, கிருஷ்ணகிரி என்ற நம் இரண்டு மாவட்டத்திலும் குடிதண்ணீரில் ஃபுளோரைடு மிகுந்து பல்லையும் எலும்பையும் கெடுக்கிற பிரச்சினையையே எடுத்துக்கொள்ளுங்கள். பல் மருத்துவ மாணவர் பல்லில் கறையைப் பார்க்கிறார், பிசியோதெரபி மாணவி குனிய முடியாத முதுகைப் பார்க்கிறாள், நர்சிங் மாணவி எந்த போர்வெல் தண்ணீர் குடிக்கிறீர்கள் என்று கேட்கிறாள். மூவரும் ஒரே நோயாளி முன்னால் உட்கார்ந்து பேசினால்தான் அது ஒரே நோய் என்று மூவருக்கும் தெரியவரும். அந்தப் பேச்சுதான் 'இன்டர்'. 'கூடி' அதைச் சொல்கிறது, 'பல்துறை' சொல்லவில்லை.

மொழிபெயர்ப்பவர்கள் அகராதியில் முதலில் கிடைத்ததை ஒட்டிவிட்டுப் போகிறார்கள். பதில் எழுதப்போகிற மாணவர்களில் நாலு பேரிடம் வாசித்துக் காட்டி, என்ன புரிந்தது என்று கேட்டுவிட்டு அச்சுக்குக் கொடுங்கள்.