அம்பு எடுத்துக்கொள்ளாமல் விட்ட மிச்சம்

கானாடுகாத்தானுக்கு வெளியே, கண்மாய்க் கரையில் வைக்கோல் திணித்த சாக்கைச் சாய்த்துவைத்து, நானே செய்த வில்லில் முதல் அம்பை விட்டேன். அம்பு சாக்கில் ஏறியது. ஆனால் கைப்பிடி உள்ளங்கையில் உதைத்த உதை, மணிக்கட்டு வழியாக முழங்கை வரை ஏறியது. கூடவே பலகையில் கட்டையால் அடித்தது போல ஒரு சத்தம். பத்து அம்பு விட்டதும் விரல்கள் மரத்துப்போயின.

முழு நீளத்துக்கும் ஒரே கல்மூங்கில் பட்டை. நடுவில் கைப்பிடிக்குப் பர்மாத் தேக்குக் கட்டை, காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய வீட்டுச் சாமான் விற்கும் கடையில் கிடைத்தது. பார்க்க அழகான வில். அழகுக்கும் உதறலுக்கும் சம்பந்தம் இல்லை என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

வில்லை இழுக்கும்போது நம் தசை செய்யும் வேலை, வளையும் மூங்கிலில் சேமிப்பாகிறது. முழுதாக இழுத்துப் பிடிக்க 18 கிலோ இழுவை தேவைப்படும் வில் என்றால், அதில் சேரும் ஆற்றல் சுமார் 45 ஜூல். 26 கிராம் அம்பு விநாடிக்கு 48 மீட்டர் வேகத்தில் கிளம்பினால், அது எடுத்துக்கொண்டு போவது 30 ஜூல். மிச்சம் 15. ஒன்றரைக் கிலோ அரிசிப் பையை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து போட்டால் தரையில் மோதும் ஆற்றல் அவ்வளவு. இதில் ஒரு பங்கு மரத்துக்குள்ளேயே வெப்பமாகிவிடும். மற்றது முன்னோக்கி ஓடிவந்த வில் நுனிகளிலும் நாணிலும் இருக்கிறது. நாண் விறைத்து நிமிரும் நொடியில் அவை சட்டென்று நின்றாக வேண்டும். அந்த ஓட்டம் அதிர்வாக மாறி, காற்றில் போனால் சத்தம், கைப்பிடிக்கு வந்தால் உதறல்.

அமெரிக்க இயற்பியலாளர் பால் குளோப்ஸ்டெக் இதை ஒரு எளிய கணக்கில் அடக்கினார். வில்லின் இழப்பு முழுவதையும், அம்போடு சேர்ந்து அதே வேகத்தில் பறக்கும் ஒரு கற்பனை எடையாக வைத்துக்கொள்ளலாம் என்றார். அம்பை மாற்றினாலும் ஒரு வில்லுக்கு இந்த எடை ஏறக்குறைய மாறாது. மேலே சொன்ன வில்லுக்கு அது 13 கிராம். ஆகவே 26 கிராம் அம்பு விட்டால் ஆற்றலில் மூன்றில் இரண்டு பங்கு அம்புக்கு, ஒரு பங்கு வில்லுக்கு. வேகம் கிடைக்கட்டும் என்று 17 கிராம் அம்பு விட்டால்? வேகம் கூடும். ஆனால் வில்லில் தங்கும் மிச்சம் 20 ஜூல் அளவை நெருங்கிவிடும். அம்பே இல்லாமல் நாணை விட்டால் 45 ஜூலும் வில்லுக்குத்தான்; வெறும் நாணை இழுத்துவிடுவதால் நல்ல வில்லும் முறிவது இதனால்தான்.

என் தவறு இங்கேதான் தொடங்கியது. என் அம்புகளை நகைத் தராசில் வைத்துப் பார்த்தேன்: 17, 18 கிராம். முனைக்குப் பின்னால் பித்தளைத் துண்டு செருகி 26-க்குக் கொண்டுவந்ததும், வில்லில் கை வைக்காமலே உதறலில் நல்ல பங்கு இறங்கியது.

எதையும் சீவுவதற்கு முன்னால் நாணைப் பார்த்துவிட வேண்டும். கைப்பிடிக்கும் நாணுக்கும் உள்ள இடைவெளி ஒரு முஷ்டி, அதன்மேல் நிமிர்த்திய கட்டைவிரல். 15 முதல் 18 செ.மீ. இது குறைந்தால் நாண் மணிக்கட்டில் அடிக்கும். கூடினால் அம்பைத் தள்ளும் தூரம் சுருங்கி, மூங்கில் சும்மா இருக்கும்போதே களைக்கும். நாணைக் கழற்றி நாலைந்து முறுக்கு ஏற்றினால் அது சற்றுச் சுருங்கி இடைவெளி கூடும். முறுக்குவது, விடுவது, கேட்பது என்று பொறுமையாகப் போனால், ஒவ்வொரு வில்லுக்கும் சத்தம் அடங்கும் ஓர் இடம் உண்டு. என் வில்லுக்கு அது 16 செ.மீ.

இனி மூங்கிலுக்கு வருவோம். எங்கள் ஊர் வீட்டு ஊஞ்சல்கள் நாலு சங்கிலியில் தொங்குபவை. ஒரு சங்கிலி விரலளவு நீளமானாலும், ஒவ்வோர் ஆட்டத்திலும் பலகை ஒரு மூலையில் வெட்டி இழுக்கும். வில்லின் மேல்பாதியும் கீழ்பாதியும் ஒரே நேரத்தில் வீடு வந்து சேராவிட்டால் அதே கதைதான். விறைப்பான பாதி முந்திவந்து நிற்க, மற்றது பின்னால் வந்து இடிக்க, கைப்பிடி கையில் முன்னும் பின்னும் ஆடும். வில்லைச் சுவரில் பொருத்தி, நாணைக் கயிற்றால் மெதுவாக இழுத்து, நேர் எதிரே நின்று படம் எடுத்துப் பாருங்கள். கண்ணுக்குத் தப்பியது படத்தில் தப்பாது. என் வில்லில் கீழ்பாதி கைப்பிடிக்குப் பக்கத்திலேயே மடங்கி, நுனிப்பக்கம் கம்பி போல நின்றது.

சீவ வேண்டியது எந்தப் பக்கம் என்பதில் மூங்கில் கண்டிப்பானது. அதன் வலுவான நார்கள் வெளித்தோலை ஒட்டி நெருக்கமாகவும், உள்ளே போகப் போக அரிதாகவும் இருக்கும். தோல்பக்கம் இழுவிசையைத் தாங்குகிறது. அதைத் தொடவே கூடாது; விடுபவரைப் பார்த்த உள்பக்கத்தில்தான் கண்ணாடிச் சில்லால் சுரண்ட வேண்டும். பத்து சுரண்டல், முப்பது இழுப்பு, மறுபடி பார்வை. எனக்குத் தெரிந்த தச்சு ஆசாரி ஒருவர் பார்த்துவிட்டு, "தம்பி, கையை எடுங்க. எடுத்ததை ஒட்ட முடியாது" என்று என்னை இரண்டு தடவை நிறுத்தினார்.

பெரிய மாற்றம் வந்தது நுனியில். வில் நிமிரும்போது நுனிதான் அதிக தூரம் ஓடுகிறது, அதிக வேகமாகவும். இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தில் ஏறுவதால், நுனியில் இருக்கும் 1 கிராம், நுனியின் பாதி வேகத்தில் ஓடும் இடத்தில் இருக்கும் 4 கிராமுக்குச் சமம். என் பட்டையில் நுனிக்கு நாலு விரல் இப்பால் ஒரு தடித்த கணு. அதன்மேல் நாண் மாட்ட அகலமான காது. அழகுக்கு விட்டது. உள்பக்கம் கணுவைத் தணித்து, காதைச் சுண்டுவிரல் அகலத்துக்குக் குறுக்கி, சுருளாக விழுந்த சிராய்களைத் தராசில் கொட்டினால் ஒரு பக்கத்துக்கு 6 கிராம். அடுத்த அம்பிலேயே கைக்குத் தெரிந்தது.

நாணில் இரண்டு இடத்தில் கம்பளிக் கொத்து கட்டுவது எல்லாவற்றுக்கும் பிறகுதான். அது நாண் ரீங்காரத்தை உறிஞ்சும். கோணலான வில்லைத் திருத்தாது. நம் வறண்ட காடுகளில் வளரும் மருள் செடியின் நாரில்தான் முன்பு நாண் திரித்தார்கள். நான் கட்டியிருப்பது பாலியஸ்டர்.

இழுக்கும்போதே மெல்லிய "டிக்" கேட்டால் அது வேறு விஷயம். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையைக் கொத்தனார் விரலால் தட்டிக் கேட்பது போல, அங்கே நிறுத்திக் காது கொடுக்க வேண்டும். உள்பக்கத்தை டார்ச் அடித்து நகத்தால் வருடினால் குறுக்கே முடி போன்ற வரி தட்டுப்படும். நார் நசுங்கிய இடம் அது. அந்த வில்லை மறுபடி இழுக்காதீர்கள்.

சித்திரை வெயிலில் மூங்கில் காய்ந்து விறைக்கும். ஐப்பசி மழையில் ஈரம் குடித்துத் தொய்யும். மழை மாதங்களில் நாணைக் கழற்றி, வில்லை உள்கட்டில் காற்றோட்டமான உத்தரத்தில் படுக்கவைக்கிறேன். மழை விட்டு எடுக்கும்போது முதல் வேலை, முஷ்டியும் கட்டைவிரலும் வைத்து அந்த இடைவெளியை அளப்பது.