கட்டில் ஓரத்தில் இரண்டு நிமிடம்: புராஸ்டேட் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு

கடலூர் வண்டிப்பாளையத்திலிருந்து வந்த அந்த ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியருக்கு வயது 71. நெற்றியில் நான்கு தையல். "வழுக்கி விழுந்துவிட்டார் டாக்டர்" என்றார் மகன். பெரியவர் உடனே திருத்தினார்: "வழுக்கவில்லை. எழுந்தேன், நான்கு எட்டு வைத்தேன், கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. அடுத்து எனக்குத் தெரிந்தது துவைக்கிற கல்தான்."

பழைய ஓட்டு வீடு. கழிப்பறை கொல்லைப்புறத்தில். கூடத்தைக் கடந்து, சமையலறையைக் கடந்து, பின்வாசலில் இரண்டு படி இறங்க வேண்டும். நேரம் இரவு இரண்டு மணி. அவர் புராஸ்டேட் மாத்திரை சாப்பிடத் தொடங்கி நான்கு நாள்தான் ஆகியிருந்தது.

அந்த மாத்திரையை எழுதிக் கொடுத்தவன் நான். எழுந்திருக்கும்போது நிதானம் தேவை என்று அன்று சொன்னேனா? சொல்லித்தான் இருப்பேன். ஆனால் வரிசை வாசல்வரை நீண்டிருந்த காலை அது. அவர் மனத்தில் பதியும்படி சொன்னேனா என்று கேட்டால், என்னிடம் பதில் இல்லை. அந்தக் கடனைத் தீர்க்கத்தான் இதை எழுதுகிறேன்.

புராஸ்டேட் என்பது ஒரு பெரிய நெல்லிக்காய் அளவுள்ள சுரப்பி. சிறுநீர்ப்பைக்குக் கீழே, சிறுநீர்க்குழாயைச் சுற்றி மோதிரம் போல அமைந்திருக்கிறது. ஐம்பதைத் தாண்டிய ஆண்களில் பலருக்கு இது பெருக்கத் தொடங்குகிறது. முக்கினால்தான் நீர் பிரியும், நடுவில் நின்று நின்று வரும், முடித்துவிட்டு வேட்டியைச் சரிசெய்த பிறகும் இரண்டு சொட்டு. இரவில் மூன்று நான்கு முறை எழ வேண்டும். கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு பஸ் ஏறுமுன் தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிட்டவர்களை வாரந்தோறும் பார்க்கிறேன்.

இங்கே தடை இரண்டு வகை. சுரப்பியின் பருமன் ஒன்று. அந்தச் சுரப்பிக்குள்ளும் சிறுநீர்ப்பையின் கழுத்திலும் உள்ள தசைகளின் இறுக்கம் மற்றொன்று. வயலுக்குத் தண்ணீர் போகும் ரப்பர் குழாயை யாரோ கையால் நெரித்துப் பிடித்திருப்பதைப் போன்றது இந்த இறுக்கம். 'இறுக்கு' என்று நரம்பு அனுப்பும் கட்டளையை வாங்கும் ஏற்பிகளுக்கு ஆல்ஃபா ஏற்பிகள் என்று பெயர். டாம்சுலோசின், அல்ஃபுசோசின், சைலோடோசின் முதலிய ஆல்ஃபா பிளாக்கர் மருந்துகள் அந்த ஏற்பிகளை அடைத்துவிடுகின்றன. பிடி தளர்கிறது. சில நாள்களிலேயே நீரின் வேகம் கூடுவது தெரியும். முழுப் பலன் கிடைக்கச் சில வாரம் ஆகலாம்.

சுரப்பி மட்டும் கடுகளவும் சுருங்காது. "மூன்று மாதமாகச் சாப்பிடுகிறேன், ஸ்கேனில் அதே 48 கிராம்தானே காட்டுகிறது?" என்று கோபித்துக்கொள்கிறவர்கள் உண்டு. சுருக்குவதற்கு வேறு மருந்து இருக்கிறது: ஃபினாஸ்டிரைடு, டூட்டாஸ்டிரைடு. அவை வேலை காட்ட ஆறு மாதம் பிடிக்கும். அவற்றைச் சாப்பிடுகிறவரின் பி.எஸ்.ஏ. (புராஸ்டேட் புற்றுநோய்க்கு அறிகுறி உண்டா என்று பார்க்க உதவும்) ரத்தப் பரிசோதனை எண் ஏறக்குறைய பாதியாகக் குறைந்து காட்டும். பரிசோதனைத் தாளைப் பார்க்கும் மருத்துவரிடம் அதைச் சொல்லிவிடுங்கள்.

இனி ஆசிரியர் விழுந்த கதை. ஆல்ஃபா ஏற்பிகள் ரத்தக் குழாய்களின் சுவரிலும் இருக்கின்றன. படுத்திருப்பவர் எழுந்து நின்றால் அரை லிட்டருக்கும் அதிகமான ரத்தம் வயிற்றுக்கும் காலுக்கும் இறங்கிவிடும். அந்த நொடியே ரத்தக் குழாய்கள் இறுகி அதை மேலே தள்ளுவதால்தான் நமக்குத் தலை சுற்றுவதில்லை. மாத்திரை அந்த இறுக்கத்தையும் கொஞ்சம் தளர்த்திவிடுகிறது. முதல் சில நாள்களிலும், மருந்தின் அளவைக் கூட்டும்போதும் ஆபத்து அதிகம். ரத்த அழுத்த மாத்திரை, நீர் பிரியும் மாத்திரை, அக்னி நட்சத்திர வெயிலில் வற்றிய உடம்பு ஆகியவை சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். அவரைப் படுக்க வைத்துப் பார்த்தபோது மேல் அழுத்தம் 138. நிற்க வைத்து ஒரு நிமிடத்தில் 108.

மாத்திரையை நிறுத்தவில்லை. இரவில் சாப்பிட்டுவந்த ரத்த அழுத்த மாத்திரையைக் காலைக்கு மாற்றினேன். விழிப்பு வந்ததும் கட்டில் ஓரத்தில் காலைத் தொங்கவிட்டு இரண்டு நிமிடம் உட்காரச் சொன்னேன். பிறகு சுவரைப் பிடித்து எழுவது, விளக்கைப் போட்டுவிட்டு நடப்பது, உட்கார்ந்தே நீர் கழிப்பது. படுக்கையருகே ஒரு பிளாஸ்டிக் குடுவை வைத்துக்கொள்ளலாமே என்றதற்கு மட்டும் அவர் முகம் சுளித்தார்.

டாம்சுலோசினை வெறும் வயிற்றில் விழுங்கினால் மருந்து ரத்தத்தில் சட்டென ஏறிவிடும். அதனால் தினமும் ஒரே வேளை உணவுக்குப் பிறகு சாப்பிட வேண்டும். காப்ஸ்யூலைப் பிரிக்கவும் கூடாது. கணவருக்கு விழுங்கச் சிரமமாக இருக்கிறதே என்று அதைப் பிரித்து மோர்ச்சோற்றில் கலந்து ஊட்டிய ஓர் அம்மாவைப் பார்த்திருக்கிறேன். மெதுவாக வெளிவர வேண்டிய மருந்து அது. டெராசோசின், டாக்சாசோசின் போன்ற பழைய மருந்துகளைச் சில நாள் விட்டுவிட்டால், பழைய அளவிலேயே மறுபடி தொடங்காதீர்கள். குறைந்த அளவிலிருந்துதான் ஏற வேண்டும்.

வாய்விட்டுக் கேட்கக் கூசும் விஷயம் ஒன்று உண்டு. இந்த மருந்துகளால், குறிப்பாக சைலோடோசினால், உறவின் முடிவில் விந்து மிகக் குறைவாக வரலாம், அல்லது வராமலே போகலாம். உடம்புக்குக் கேடில்லை, மருந்தை நிறுத்தினால் பழையபடி ஆகிவிடும். இதை முன்கூட்டியே சொல்லாத மருத்துவர்களின் கூச்சம் எனக்குப் புரிகிறது, ஆனால் அதன் விலையை நோயாளி கொடுக்கிறார். ஆண்மையே போய்விட்டதென்று பயந்து, 54 வயதுக்காரர் ஒருவர் யாரிடமும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்தினார். இரண்டு வாரத்தில் நீர் முற்றாக அடைத்து, அடிவயிறு கல்லாகி, நள்ளிரவில் டியூப் போட்டுத்தான் 900 மில்லி எடுத்தோம். வாய் திறந்து சொல்லியிருந்தால் வேறு மருந்துக்கு மாற்றியிருப்பேன். சில்டெனாஃபில், டடாலாஃபில் போன்ற விறைப்புக்கான மாத்திரைகளை ரகசியமாகச் சாப்பிடுகிறவர்களும் அதை மறைக்க வேண்டாம். புராஸ்டேட் மாத்திரையோடு அவை சேர்ந்தால் ரத்த அழுத்தம் மளமளவென்று இறங்கக்கூடும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் இன்னொரு கூட்டம் வரும். சளிக்கு மருந்துக் கடையில் தாங்களாகவே மாத்திரை வாங்கிச் சாப்பிட்டவர்கள். மூக்கடைப்பைப் போக்கும் ஃபினைல்எஃப்ரின், சூடோஎஃபிட்ரின் ஆகியவை ஆல்ஃபா பிளாக்கருக்கு நேர் எதிராக வேலை செய்து அதே தசையை இறுக்கும். கூடவே இருக்கும் குளோர்ஃபெனிரமைன் சிறுநீர்ப்பையைச் சோம்பலாக்கும். காலையில் மூக்கு திறந்திருக்கும், கீழே அடைத்திருக்கும். புராஸ்டேட் தொந்தரவு இருப்பதைக் கடைக்காரரிடம் சொல்லிவிட்டு வாங்குங்கள்.

ஒரு மாதம் கழித்து ஆசிரியர் வந்தார். தையல் தழும்பு மங்கியிருந்தது. இரவில் ஒருமுறைதான் எழுகிறாராம். கிளம்பும்போது, புதுச்சேரியில் கண்புரை அறுவைக்கு நாள் குறித்திருப்பதாகப் பேச்சுவாக்கில் சொன்னார். இந்த மாத்திரையைப் பற்றி அங்கே சொன்னீர்களா என்று கேட்டேன். "அது மூத்திர மாத்திரைதானே, கண்ணுக்கும் அதற்கும் என்ன?"

சம்பந்தம் இருக்கிறது. ஐரிஸ் என்னும் கண்ணின் வண்ணத் திரையை விரிக்கும் தசையிலும் இதே ஏற்பிகள் உண்டு. மருந்து சாப்பிடுகிறவர்களுக்கு, அதிலும் டாம்சுலோசின் சாப்பிடுகிறவர்களுக்கு, அறுவையின்போது கண் பாப்பா சுருங்கி, திரை தொளதொளவென்று காற்றில் ஆடும் துணிபோல அலையக்கூடும். மருத்துவ இதழ்களில் இது முதன்முதலாக விவரிக்கப்பட்டது 2005இல். அறுவைக்குச் சில நாள் முன்னால் மாத்திரையை நிறுத்துவதால் இது தவிர்ந்துவிடும் என்று நம்ப முடியாது. எப்போதோ சாப்பிட்டு விட்டவர்களுக்கும் வந்திருக்கிறது. முன்பே தெரிந்தால் கண் மருத்துவர் திரையை விரித்துப் பிடிக்கும் சிறு கொக்கிகளோடு தயாராக இருப்பார். மாத்திரை இன்னும் தொடங்காதவராக இருந்தால், அறுவை முடிந்த பிறகு தொடங்கலாமா என்று எங்களிடம் கேளுங்கள்.

அவருடைய கண் மருத்துவமனைச் சீட்டின் மேலேயே மாத்திரையின் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். கட்டில் ஓரத்தில் இரண்டு நிமிடம் உட்காருகிறீர்களா என்று கேட்டதற்கு, இரவில் கடிகாரத்தை எங்கே பார்ப்பது, மெதுவாக வாய்ப்பாடு சொல்லிக்கொள்கிறேன் என்றார். பதினாறும் பதினேழும் முடிந்ததும் எழுவாராம். பதினேழில் மட்டும் சில இரவு தடுமாறுகிறதாம். அப்போது முதலிலிருந்து தொடங்குகிறார்.