கவுண்டி அசைலம்: தமிழில் என்ன சொல்வது?

19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தைப் பற்றித் தமிழில் எழுதுபவர்கள், ஏழை மனநோயாளிகளை வைத்திருந்த ‘கவுண்டி அசைலம்’ என்ற பெயர் வந்ததும் ‘மனநல மருத்துவமனை’ என்று போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். மரியாதையான சொல்தான், ஆனால் காலம் இடிக்கிறது. அந்தக் கட்டடங்களுக்கு மருத்துவமனை என்ற பெயரைச் சட்டம் தந்தது 1930இல். அதுவரை அவை அசைலங்கள்.

சொல்லின் வேர் கிரேக்கத்தில் இருக்கிறது. ‘சூலே’ என்றால் ஒருவரின் உடைமையையோ ஆளையோ பறித்துக்கொள்ளும் உரிமை. அதன் முன்னால் வரும் ‘அ’, நம் அநீதியிலும் அசுத்தத்திலும் வருகிற அதே எதிர்மறை ‘அ’தான். ஆக ‘அசூலோன்’ என்றால் யாரும் கைவைத்துப் பறித்துப்போக முடியாத இடம். எபேசு நகரத்து ஆர்ட்டெமிஸ் கோயிலுக்கு அந்தத் தகுதி இருந்தது. உள்ளே ஓடி வந்துவிட்டவரைத் துரத்தி வந்தவர் தொட முடியாது. நம்மிடமும் இதற்கு அச்சாக ஒரு சொல் உண்டு. இடைக்காலத் தமிழ்க் கல்வெட்டுகளில் ‘அஞ்சினான் புகலிடம்’ என்று வருகிறது. பயந்து வந்து சேர்ந்தவர்களைக் காக்கும் உரிமை பெற்ற இடங்களுக்கு அந்தப் பெயர். கிரேக்கப் பொருளுக்கு இதைவிட நெருக்கமான தமிழ் கிடைக்காது.

லத்தீன் வழியாக ஆங்கிலத்துக்குப் போன சொல், 18ஆம் நூற்றாண்டில் தர்ம நிறுவனங்களின் பெயராயிற்று. காது கேளாதவர்களுக்கு ஓர் அசைலம், அநாதைப் பிள்ளைகளுக்கு ஓர் அசைலம். அப்போது அதில் இழிவின் சாயலே இல்லை. உதகை லவ்டேலில் இன்று பேர்போன லாரன்ஸ் பள்ளி, 1858இல் படைவீரர்களின் பிள்ளைகளுக்காகத் தொடங்கப்பட்டபோது ‘லாரன்ஸ் அசைலம்’தான். மனநோயாளிகளின் இடத்துக்கும் இதே சொல்லை வைத்தது, ‘பைத்தியக்கார வீடு’ என்ற பழைய பெயரின் கறையைக் கழுவத்தான்.

‘கவுண்டி’க்கு வருவோம். பிரபு ஒருவரின் ஆட்சிப்பகுதி என்பது பழைய பிரெஞ்சுப் பொருள். இங்கிலாந்தில் நிர்வாகப் பகுதி, ஏறக்குறைய நம் மாவட்டம். இங்கே அந்தச் சொல் எதைச் சுட்டுகிறது என்றால், பணத்தை. பணக்காரக் குடும்பங்கள் தனியார் விடுதிகளில் காசு கட்டி உறவினரை விட்டுவைத்தன; கவுண்டி அசைலம் ஏழைகளுக்கானது. கவுண்டி வரியில் கட்டப்பட்டு, உள்ளூர் நீதிபதிகளின் மேற்பார்வையில் நடந்தது. 1808ஆம் ஆண்டுச் சட்டம் ‘விரும்பினால் கட்டலாம்’ என்றது. 1812இல் நாட்டிங்காம் கட்டியது. பல கவுண்டிகள் செலவுக்குப் பயந்து சும்மா இருந்தன. ஆஷ்லி பிரபு முன்னின்று கொண்டுவந்த 1845ஆம் ஆண்டுச் சட்டங்கள்தான் ‘கட்டியே ஆகவேண்டும்’ என்றன.

மிடில்செக்ஸ் கவுண்டி அதற்கு முன்பே, 1831இல், ஹான்வெல்லில் ஓர் அசைலம் திறந்திருந்தது. 1839இல் அங்கே பொறுப்பேற்ற மருத்துவர் ஜான் கொனலி, நோயாளிகளைத் தோல்வாராலும் விலங்காலும் கட்டிவைக்கும் வழக்கத்தை நிறுத்தினார். லிங்கன் நகரத்து அசைலத்தில் மருத்துவர் ராபர்ட் கார்டினர் ஹில் முன்பே செய்து காட்டியதுதான்; ஆனாலும் ஹான்வெல் போன்ற பெரிய இடத்தில் முடியும் என்று நிரூபித்தது கொனலி. அந்த இடம் நிரம்பி வழியவே, லண்டனுக்கு வடக்கே கோல்னி ஹாட்ச் என்ற இடத்தில் இரண்டாவது அசைலம். 1849இல் ஆல்பர்ட் இளவரசர் அடிக்கல் நாட்ட, 1851இல் திறந்தார்கள். கட்டடக் கலைஞர் சாமுவேல் டாக்ஸ், இத்தாலியப் பாணி. முகப்பின் நீளம் மட்டும் ஒரு மைலில் மூன்றில் ஒரு பங்கு. ஆண்களுக்கு ஒரு பக்கம், பெண்களுக்கு மறுபக்கம், நடுவில் தேவாலயம். சொந்தப் பண்ணை, சலவைக்கூடம். வேலை செய்தவர்கள் நோயாளிகளேதான், வேலையும் சிகிச்சை என்ற பெயரில். வெளியே நின்று பார்ப்பவருக்கு அரண்மனை. உள்ளே எல்லாம் முடிவில்லாத நடைக்கூடம். சுமார் 1,250 பேருக்கென்று கட்டியது, நூற்றாண்டு முடிவதற்குள் 2,000ஐத் தாண்டியது. இடம் போதாமல் எழுப்பிய தற்காலிகக் கொட்டகை 1903 ஜனவரியில் தீப்பிடித்து, பூட்டிய கதவுகளுக்குள் இருந்த பெண்களில் 50 பேருக்கு மேல் மாண்டார்கள்.

கறை கழுவ வந்த சொல்லில் கறை ஏறியது இப்படித்தான். ஊர்ப்பெயரும் தப்பவில்லை. லண்டனில் ‘கோல்னி ஹாட்ச்’ என்றாலே பைத்தியம் என்று பொருளாயிற்று. மனநல மருத்துவமனை இருப்பதால் சென்னையில் கீழ்ப்பாக்கமும், மலேசியத் தமிழர் வாயில் தஞ்சோங் ரம்புத்தான் என்ற ஊரும் பட்ட பாடும் இதுதான். 1930ஆம் ஆண்டுச் சட்டம் ‘அசைலம்’, ‘லூனடிக்’ (பைத்தியக்காரர்) இரண்டையும் அரசு வழக்கிலிருந்து எடுத்தது. (கீழ்ப்பாக்கத்தில் பெயர் மாறியது அதற்கும் முன்னால், 1922இல்.) கோல்னி ஹாட்ச் 1937இல் ‘பிரையர்ன் மனநல மருத்துவமனை’ ஆகி, 1993இல் மூடப்பட்டு, இப்போது விலை உயர்ந்த அடுக்ககம். விற்பனை விளம்பரத்துக்குப் பழைய பெயர் ஆகாது அல்லவா, ‘பிரின்சஸ் பார்க் மேனர்’ என்று வைத்துக்கொண்டார்கள்.

சரி, தமிழில் என்ன எழுதுவது? அகதிகள் விவகாரத்தில் ‘தஞ்சம்’, ‘அடைக்கலம்’ ஊன்றிவிட்டன; புலம்பெயர்ந்த ஈழத்தமிழர் பேச்சில் ‘அசைலம் அடித்தல்’ என்றே வழங்குகிறது. அதை மாற்ற வேண்டியதில்லை. கிரேக்கக் கோயிலுக்குப் ‘புகலிடம்’. ஆனால் கவுண்டி அசைலத்துக்கு அது பொருந்தாது. புகலிடத்துக்குத் தானாக ஓடிவருவார்கள், இங்கே பெரும்பாலோரைக் கொண்டுவந்து விட்டார்கள். என் தேர்வு ‘காப்பகம்’. காப்பு என்பது பாதுகாப்பும்தான், போலீஸ் கையில் மாட்டுகிற காப்பும்தான். அந்தக் கட்டடத்தின் இரண்டு முகமும் அதில் வந்துவிடுகின்றன. ஆகவே 1930க்கு முந்தையதற்கு ‘மாவட்ட மனநோயாளர் காப்பகம்’, பிந்தையதற்கு ‘மனநல மருத்துவமனை’.

‘லூனடிக்’கை மட்டும் மொழிபெயர்க்காமல் விடலாம். லத்தீனில் ‘லூனா’ என்றால் நிலவு; அது நிலவைக் குற்றம் சொல்லும் சொல். நம் பித்தும் பைத்தியமும் பித்தநீரைக் குற்றம் சொல்பவை. சட்டப் பெயரை எடுத்துக் காட்டும்போது ‘லூனடிக்’ என்று தமிழ் எழுத்தில் எழுதி, மற்ற இடங்களில் நோயாளி என்று சொன்னால் போதும்.