அடையாள நீக்கம்: பெயரை மட்டும் அடித்தால் போதாது

'தங்கள் மருத்துவத் தகவல்கள் பெயர் நீக்கம் செய்யப்பட்டுப் பிற ஆய்வு நிறுவனங்களுடன் பகிரப்படும்.' ஒப்புதல் படிவங்களில் இந்த வரியைப் படித்துப் படித்து அலுத்துவிட்டது. தகவல் யாருடையது என்று தெரியாதபடி செய்யும் அனானிமைசேஷனுக்கு யாரோ அவசரத்தில் போட்ட சொல் இது. மற்றவர்கள் படியெடுத்துக்கொண்டே போகிறார்கள்.

மூலம் கிரேக்கம். 'அன்' என்றால் இல்லை, 'ஓனுமா' என்றால் பெயர். பெயரிலி. வேர்ப்பொருள் அவ்வளவுதான், மொழிபெயர்ப்பாளர்கள் அங்கேயே நின்றுவிட்டார்கள்.

தமிழில் 'பெயர் நீக்கம்' என்பதற்கு ஏற்கெனவே ஒரு பொருள் உண்டே! ரேஷன் கார்டில் பெயர் நீக்கம், வாக்காளர் பட்டியலில் பெயர் நீக்கம். பதிவேட்டிலிருந்தே தன்னைத் தூக்கிவிடுவார்களோ என்று நோயாளி பயந்தால் தப்பு அவருடையதல்ல.

அதைவிடப் பெரிய கோளாறு, பெயரை எடுத்தாலும் ஆள் மறைவதில்லை. 1990களில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில், அரசு ஊழியர் காப்பீட்டைக் கவனித்த ஆணையம் பெயரும் முகவரியும் அகற்றிய மருத்துவப் பதிவுகளை ஆய்வாளர்களுக்குக் கொடுத்தது. பிறந்த தேதி, பாலினம், அஞ்சல் குறியீடு மட்டும் அப்படியே இருந்தன. லதான்யா ஸ்வீனி என்ற ஆய்வு மாணவி, அம்மாநில ஆளுநர் வில்லியம் வெல்ட் வசித்த கேம்பிரிட்ஜ் நகரின் வாக்காளர் பட்டியலை 20 டாலருக்கு வாங்கி ஒப்பிட்டுப் பார்த்தார். வெல்டின் பிறந்த தேதி அந்நகரில் 6 பேருக்கு இருந்தது. அதில் ஆண்கள் 3 பேர். அவருடைய அஞ்சல் எல்லைக்குள் அவர் ஒருவர்தான். பெயர் நீக்கம் என்னவோ ஒழுங்காகத்தான் நடந்திருந்தது. ஆளுநரின் நோய்க்குறிப்பு மாணவியின் கையில்!

நோயாளிகளின் தகவலைக் காக்கும் அமெரிக்காவின் ஹிப்பா விதிகள் காட்டும் ஒரு வழியில் 18 வகை அடையாளங்களை அகற்ற வேண்டும். பெயர் அவற்றில் ஒன்று, அவ்வளவே. தொலைபேசி எண், முழுமுகப் படம், மருத்துவமனையில் சேர்ந்த தேதி எல்லாம் போகவேண்டும். ஆகவே 'அடையாள நீக்கம்' என்பதே சரி.

'அநாமதேயமாக்கல்' என்று எழுதுவோரும் உண்டு. வடசொல் என்பதற்காக நான் அதை ஒதுக்கவில்லை. நாமதேயம் என்றாலும் பெயர்தானே, பழைய குறை அப்படியே நிற்கிறது. போதாததற்கு வெடிகுண்டு மிரட்டல் அழைப்பின் வாடை வேறு.

சூடோனிமைசேஷனை 'புனைபெயராக்கம்' என்பதுதான் உச்சம். நோயாளி என்ன சிறுகதையா எழுதப்போகிறார்? பெயருக்குப் பதில் ஒரு குறியெண் இட்டு, எந்த எண் யாருடையது என்ற பட்டியலைத் தனியே பூட்டிவைக்கும் வேலை அது. 'மாற்றுக்குறியிடல்' எனலாம். அந்தப் பட்டியல் இருக்கும்வரை ஆளைத் திரும்பக் கண்டுபிடிக்க முடியும் என்பதால், 2018இல் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய ஒன்றியத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அதைத் தனிநபர் தரவாகவே நடத்துகிறது. நம் படிவங்களோ இரண்டையும் 'பெயர் நீக்கம்' என்ற ஒரே சாக்கில் கட்டிவிடுகின்றன.

அகராதியை மட்டும் புரட்டாமல், கோப்பில் எந்தெந்த விவரத்தை அழிக்கிறார்கள் என்று ஆய்வுக்கூடத்தில் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் படிவம் இப்படி வந்திருக்கும்: 'உங்களை அடையாளம் காட்டும் விவரங்களை அகற்றிவிட்டு, மற்றவற்றை மட்டும் அனுப்புவோம்.'