குங்பாவ்: ஒரு பட்டப்பெயரும் ஒரு புரட்டலும்

அமெரிக்காவில் சீன உணவகத்துக்குப் போய்ப் பார்சல் வாங்குகிறவர்களுக்கு ‘குங் பாவ் சிக்கன்’ நன்றாகத் தெரிந்த பெயர். சின்னச் சதுரங்களாக நறுக்கிய கோழி, வேர்க்கடலை, காய்ந்த மிளகாய், எல்லாவற்றையும் போர்த்திய பளபளப்பான இனிப்புச் சாறு. இதைத் தமிழில் என்னவென்று எழுதுவது என்று தேடத் தொடங்கினேன். எண்ணெயும் சர்க்கரையும் குறைத்து வீட்டில் செய்யும் வழியும் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருந்தது.

சீனத்தில் முழுப்பெயர் ‘குங்பாவ் ஜி திங்’. ஜி என்றால் கோழி, திங் என்றால் சதுரத் துண்டு. குங் என்றால் அரண்மனை, பாவ் என்றால் காத்தல். ஆக, குங்பாவ் என்பது உணவின் பெயரே இல்லை. சீனாவின் கடைசி அரச வம்சமான சிங் பேரரசில் உயர் அதிகாரிகளுக்குத் தரப்பட்ட ‘பட்டத்து இளவரசரின் காப்பாளர்’ என்ற பட்டத்தைச் சுருக்கி இப்படிச் சொன்னார்கள். அதற்கென்று தனி வேலை கிடையாது, மரியாதைதான். நம் ஊரில் வெள்ளைக்காரர் காலத்து ‘ராவ் பகதூர்’ போல என்று வைத்துக்கொள்ளலாம்.

அந்தப் பட்டம் பெற்று, அதன் வழியாக இந்த உணவுக்குப் பெயர் தந்தவர் திங் பாவ்ஜென். குய்சோ மாகாணத்தில் 1820இல் பிறந்து, ஷான்டோங்கில் ஆளுநராக இருந்து, 1876 முதல் 1886இல் இறக்கும் வரை சிச்சுவானின் தலைமை ஆளுநராக இருந்தார். அதனால் இந்த உணவுக்கு மூன்று மாகாணங்களும் உரிமை கொண்டாடுகின்றன. அவருடைய குடும்பப்பெயரான ‘திங்’கும் துண்டைக் குறிக்கும் ‘திங்’கும் சீன எழுத்தில் ஒன்றே. இது தெரிந்த நாளிலிருந்து கோழியைச் சதுரமாக நறுக்காமல் நீளவாக்கில் நறுக்க எனக்கு மனம் வருவதில்லை.

உச்சரிப்பைப் பற்றி ஒரு வார்த்தை. பழைய ரோமன் எழுத்துமுறையில் ‘கு’ என்றும், இப்போதைய பின்யின் முறையில் ‘கோ’ என்றும் படிக்கும்படி எழுதுகிறார்கள். ஒலி இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. ஆனால் அந்த முதல் மெய்யில் மூச்சு வெடிக்காது, நம் ‘கல்’லில் வரும் ககரம் மாதிரியேதான். ஆங்கில வாய்க்குச் சிரமமான இந்த ஒலி தமிழ் வாய்க்கு இயல்பாக வரும். ‘குங்பாவ்’ என்று எழுதுவதே போதும்.

சரி, தமிழ்ப் பெயர்? ‘அரண்மனைக் காப்பாளர் கோழி’ என்று மொழிபெயர்த்தால் யாருக்கும் எதுவும் புரியாது. சீனர்களே ஒருமுறை பெயரை மாற்றிப் பார்த்தார்கள். கலாச்சாரப் புரட்சிக் காலத்தில் அரச அதிகாரியின் பட்டம் ஆகாது என்று, ‘விரைந்து புரட்டிய கோழித்துண்டு’ என்ற பொருளில் வேறு பெயர் வைத்தார்கள். அரசியல் காரணத்துக்காக வந்த பெயர்தான், ஆனாலும் சமைக்கும் முறையைச் சரியாகச் சொல்லிவிட்டது. பிறகு பழைய பெயரே திரும்பி வந்தது.

அந்த வினைக்குத் தமிழில் நல்ல சொல் இருக்கிறது. பொரிப்பது என்றால் எண்ணெயில் மூழ்க வேண்டும். வறுப்பதற்கு எண்ணெயே வேண்டாம், ரவையை அப்படித்தான் வறுக்கிறோம். வதக்குவது மிதமான தீயில், துவளும் வரை. புரட்டுவது, பேச்சு வழக்கில் பிரட்டுவது, அப்படி இல்லை. சட்டி நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும், கரண்டி நிற்கக் கூடாது, சாறு துண்டோடு ஒட்ட வேண்டும். அதனால் என் தேர்வு ‘குங்பாவ் கோழிப் புரட்டல்’. ‘வறுவல்’ என்று எழுதுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

பல கடைகளில் கோழியை முதலில் நிறைய எண்ணெயில் போட்டெடுத்து, அப்புறம்தான் சாற்றில் புரட்டுகிறார்கள். வீட்டில் அந்த முதல் படியை விட்டுவிடலாம். பெயர் கேட்பது இரண்டாவது படியைத்தானே.

இன்னொரு சொல்லும் இங்கே முக்கியம். சிச்சுவானில் இதில் போடும் ‘ஹுவாஜியாவ்’ நாக்கை மரத்துப்போக வைக்கும். சிச்சுவான் மிளகு என்கிறோம், ஆனால் அது மிளகுக் கொடியின் உறவே இல்லை. எலுமிச்சை, கறிவேப்பிலைக் குடும்பத்தைச் சேர்ந்தது. எலுமிச்சை இன மரங்களுக்குச் சொறிநோய் பரவும் என்று 1968 முதல் 2005 வரை அமெரிக்கா இதன் இறக்குமதியைத் தடை செய்திருந்தது. அமெரிக்கக் குங்பாவில் இந்த விறுவிறுப்பு பெரும்பாலும் இல்லாமல் போனதற்கு அது ஒரு காரணம். ‘ஜியாவ்’ முதலில் இந்தக் காயைத்தான் குறித்தது. அமெரிக்கக் கண்டத்திலிருந்து மிளகாய் வந்தபோது சீனர்கள் அதையும் காரமான ‘ஜியாவ்’ என்றார்கள். நாமும் மிளகோடு காயைச் சேர்த்து ‘மிளகாய்’ என்றோம். தொடர்பே இல்லாத இரண்டு மொழிகள் ஒரே வழியில் யோசித்திருப்பது எனக்குப் பெரிய மகிழ்ச்சி.

இனிச் செய்முறை. எலும்பில்லாத கோழி 400 கிராம், ஒன்றரை சென்டிமீட்டர் துண்டுகளாக. ஒரு மேசைக்கரண்டி சோயா சாஸும் ஒரு தேக்கரண்டி சோள மாவும் பிசறிக் கால் மணி நேரம் வையுங்கள். மாவு கோழியின் ஈரத்தைப் பிடித்து வைக்கும், அதனால் எண்ணெய் குறைந்தாலும் கோழி வறண்டு போகாது. சாற்றுக்கு, இன்னொரு கிண்ணத்தில் சோயா சாஸ் ஒரு மேசைக்கரண்டி, வினிகர் ஒரு மேசைக்கரண்டி, சர்க்கரை ஒரே ஒரு தேக்கரண்டி, சோள மாவு அரைத் தேக்கரண்டி, தண்ணீர் இரண்டு மேசைக்கரண்டி. சிச்சுவான் சமையல்காரர்கள் இந்தச் சுவையை லிச்சிப் பழச் சுவை என்பார்கள். புளிப்புக்குப் பின்னால் லேசாகத் தெரிகிற இனிப்பு அது, பாகு போன்ற தித்திப்பு இல்லை.

சட்டி காய்ந்ததும் ஒரு மேசைக்கரண்டி எண்ணெய். விதை உதறிய எட்டுக் காய்ந்த மிளகாயும் அரைத் தேக்கரண்டி சிச்சுவான் மிளகும் போடுங்கள். மிளகாய் சிவப்பிலிருந்து பழுப்புக்கு மாறும் அந்தச் சில நொடிகளில்தான் மணம் எழும். கறுத்துவிட்டால் கசக்கும், கொட்டிவிட்டு மறுபடி தொடங்குங்கள். பிறகு கோழி, தீ முழுதாக, நான்கைந்து நிமிடம். பாதியில் இஞ்சி, பூண்டு, வெங்காயத்தாளின் வெள்ளைப் பகுதி. கோழி உள்ளே வரை வெந்ததும் சாற்றைக் கலக்கி ஊற்றி, அது துண்டுகளைச் சுற்றிப் பிடிக்கும் வரை புரட்டுங்கள். எண்ணெயில்லாமல் வறுத்த வேர்க்கடலையை அடுப்பை அணைத்த பிறகு போடுங்கள். முன்பே போட்டால் சாற்றில் ஊறி நமத்துவிடும்.