அக்குபங்சர் படிக்கப் பணம் கட்டும் முன்: 'அரசு அங்கீகாரம்' என்றால் எதற்கு அங்கீகாரம்?

சட்டம் போட்ட சான்றிதழ் ஒன்றைத் துணிப்பையில் வைத்து எடுத்துவந்தார் அந்தப் பெண். உடலில் ஊசி குத்திச் செய்யும் சீன வழிச் சிகிச்சையான அக்குபங்சரில் இரண்டாண்டு படிப்பு. நகையை அடகு வைத்துக் கட்டிய கட்டணம். ஊரில் சிறிய அறை எடுத்து, பெயருக்கு முன்னால் 'டாக்டர்' போட்டுப் பலகை மாட்டிய மூன்றாம் மாதம் விசாரணைக்கு வந்துவிட்டார்கள். "அரசு அங்கீகாரம் உள்ள படிப்பு என்று சொல்லித்தானே சேர்த்தார்கள்?" என்று என்னிடம் கேட்டார். அந்தத் தாளைச் சுற்றி மரச்சட்டம் இருந்தது. அதற்குப் பின்னால் வேறு எந்தச் சட்டமும் இல்லை.

அக்குபங்சர் நோயைத் தீர்க்குமா என்ற வாதத்துக்குள் நான் போகவில்லை. அதைப் படித்துப் பிழைக்க நினைப்பவர் எங்கே ஏமாற்றப்படுகிறார் என்பது மட்டுமே இங்கே பேச்சு.

பின்னணி இவ்வளவுதான். 2003 நவம்பர் 25 அன்று மத்திய சுகாதார அமைச்சகம் ஓர் ஆணை வெளியிட்டது. அக்குபங்சரும் ஹிப்னோதெரபியும் (மனவசிய சிகிச்சை) சிகிச்சை முறைகள். பதிவு பெற்ற மருத்துவர்களோ தகுந்த பயிற்சி பெற்றவர்களோ அவற்றைச் செய்யலாம் என்றது. 2019 பிப்ரவரியில் அதே அமைச்சகம் அக்குபங்சரைத் தனி சிகிச்சை முறையாக ஏற்றது. விளம்பரங்களில் வரும் 'மத்திய அரசு அங்கீகாரம்' இந்த இரண்டு தாள்களிலிருந்து பிறந்ததுதான்.

இப்போது அந்த ஆணைகளில் இல்லாததைப் பாருங்கள். இன்ன நிறுவனம் சொல்லிக்கொடுக்கலாம் என்று அவை சொல்லவில்லை. இன்ன சான்றிதழ் செல்லும் என்று சொல்லவில்லை. 'தகுந்த பயிற்சி' என்றால் எத்தனை மாதம், யார் தேர்வு வைப்பது என்பதை 2003 ஆணை அந்தரத்தில் விட்டுவிட்டது. அந்த இடைவெளியில்தான் மாடிக்கு ஒரு கல்லூரி முளைத்தது. அரசு ஏற்றது சிகிச்சை முறையை. உங்களுக்குக் கற்றுக்கொடுப்பவரை யாரும் ஏற்கவில்லை. சேர்க்கை மேசையில் இருப்பவர் இந்த இரண்டையும் ஒரே மூச்சில் கலந்து சொல்லுவார். அங்கேதான் காது கூர்மையாக இருக்க வேண்டும்.

அதே 2003 ஆணை இன்னொன்றையும் சொன்னது: 'டாக்டர்' என்ற சொல்லை அங்கீகரிக்கப்பட்ட மருத்துவ முறைகளின் மருத்துவர்கள் மட்டுமே பயன்படுத்துவதை மாநிலங்கள் உறுதி செய்ய வேண்டும். விளம்பரத்தில் ஆணையின் முதல் பாதியைப் பெரிய எழுத்தில் அச்சிடுகிறவர்கள் இந்த வரியை மட்டும் மறந்துவிடுகிறார்கள். பட்டமளிப்பு விழாவில் கறுப்பு அங்கி போர்த்தி 'டாக்டர்' என்று அழைத்து மேடையேற்றுகிறவர் பிறகு வழக்குக்கு வரமாட்டார். பலகையில் இருப்பது உங்கள் பெயர்.

கல்லூரிச் சுவரில் மாட்டியிருக்கும் மற்றத் தாள்களையும் படியுங்கள். 'அரசுப் பதிவு பெற்றது' என்பதற்கு அடியில் பெரும்பாலும் அறக்கட்டளைப் பத்திரமோ, 1975ஆம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் வாங்கிய எண்ணோ, சிறுதொழில் பதிவோ, கம்பெனிப் பதிவோ இருக்கும். பூக்கடைக்காரர்கள் சங்கமும் அதே சட்டத்தின் கீழ்தான் பதிவாகிறது. பதிவு என்பது 'இப்படி ஓர் அமைப்பு இருக்கிறது' என்பதற்கான அத்தாட்சி. மருத்துவம் கற்பிக்கலாம் என்ற அனுமதி அதில் இல்லை. ஐஎஸ்ஓ சான்றும் அப்படியே. பாடத்தை அது சோதிப்பதில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் சின்னத்தை ஒட்டிவைத்திருந்தால் இன்னும் எச்சரிக்கை தேவை. அந்த நிறுவனம் எந்தக் கல்லூரிக்கும் அங்கீகாரம் தருவதில்லை.

சின்னத்தை ஒட்டுகிறவர்கள் அதே நிறுவனம் 1999இல் வெளியிட்ட பயிற்சி வழிகாட்டுதலையும் ஒட்டலாமே? மருத்துவர் அல்லாத ஒருவர் அக்குபங்சரை முழுமையாகப் பயில 2,500 மணி நேரம் வேண்டும் என்கிறது அது. ஞாயிற்றுக்கிழமை தோறும் நான்கு மணி நேரம் என்றால் ஆண்டுக்கு 208 மணி நேரம். அந்தக் கணக்கில் முடிக்கப் பன்னிரண்டு ஆண்டு ஆகும். ஆறு மாதத்தில் 'மாஸ்டர்' ஆக்குகிறார்கள்.

பட்டம் என்ற சொல்லுக்கு வருவோம். 1956ஆம் ஆண்டு பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டத்தின் 22ஆம் பிரிவுப்படி, சட்டப்படி அமைந்த பல்கலைக்கழகமும் நிகர்நிலைப் பல்கலைக்கழகமும் நாடாளுமன்றம் தனியாக அதிகாரம் தந்த நிறுவனங்களும்தான் பட்டம் வழங்கலாம். போலிப் பல்கலைக்கழகங்களின் பட்டியலை மானியக் குழு தன் இணையதளத்தில் வைத்திருக்கிறது. 'மாற்று மருத்துவம்' என்பதைப் பெயரிலேயே வைத்திருக்கும் நிறுவனங்கள் அதில் உண்டு. பட்டியலில் பெயர் இல்லை என்பதற்காக நிம்மதி அடைய வேண்டாம். பிடிபட்டவர்களின் பட்டியல் அது.

அடுத்து, வெளிமாநிலப் பதிவு. மேற்கு வங்கத்தில் 1996இலும் மகாராஷ்டிரத்தில் 2015இலும் அக்குபங்சருக்கென்றே சட்டம் இயற்றினார்கள். அந்தந்த மாநிலத்துக்குள் பதிவுக்கு அது வழி. தமிழ்நாட்டில் அப்படி ஒரு சட்டமோ மன்றமோ இல்லை. ஆனால் 'கவுன்சில்' என்று பெயர் வைத்துக்கொண்ட தனியார் சங்கங்கள் அடையாள அட்டையும் 'பதிவு எண்'ணும் விற்கின்றன. அந்த எண்ணைக் கையில் வாங்கும்போது ஒன்று கேளுங்கள்: நான் தவறு செய்தால் இந்தப் பதிவை எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவின் கீழ் ரத்து செய்வீர்கள்? சட்டப்படி ரத்து செய்யும் அதிகாரம் இல்லாதவர் தரும் பதிவு, நூலக உறுப்பினர் அட்டைக்குச் சமம். நூலக அட்டைக்காவது புத்தகம் கிடைக்கும்.

சீனாவுக்கே போய்ப் படித்துவிட்டு வருகிறேன் என்பவர்களுக்குத் தனிப் பள்ளம் ஒன்று இருக்கிறது. பெய்ஜிங், ஷாங்காய், குவாங்சோ, செங்டூ நகரங்களில் 1956இலேயே சீன மருத்துவத்துக்குத் தனிக் கல்லூரிகள் தொடங்கினார்கள். படிப்பு உண்மையானது, பட்டமும் உண்மையானது. சிக்கல் விமான நிலையத்தில் இறங்கியபின் தொடங்கும். இந்திய மருத்துவ முறைக்கான தேசிய ஆணையத்தின் 2020ஆம் ஆண்டுச் சட்டம் ஆயுர்வேதம், சித்தா, யுனானி, சோவா ரிக்பா ஆகியவற்றை மட்டுமே பேசுகிறது. திபெத்திய வழி மருத்துவமான சோவா ரிக்பா உள்ளே இருக்கிறது. சீன மருத்துவம் இல்லை. வெளிநாட்டில் எம்பிபிஎஸ்ஸுக்கு நிகரான படிப்பு முடித்தவர் எழுதும் தகுதித் தேர்வுக்கும் இந்தப் பட்டம் வழிவிடாது. அதற்குத் தேசிய மருத்துவ ஆணையம் 2021இல் வகுத்த விதி வேறு: 54 மாதப் படிப்பு, 12 மாதப் பயிற்சி, ஆங்கில வழி, படித்த நாட்டிலேயே மருத்துவராகும் உரிமை. ஏஜென்ட் 'மருத்துவப் படிப்பு' என்று மட்டும் சொன்னால் விடாதீர்கள். சேர்க்கைக் கடிதத்தில் இருப்பது நவீன மருத்துவமா, சீன மருத்துவமா என்று எழுத்தில் வாங்குங்கள். இந்த ஒரு சொல் தெளிவாகாமல் ஐந்தாண்டும் வீட்டையும் சேர்த்து இழக்க நேரிடும்.

சட்டத்துக்குள் நின்று படிக்க வழியே இல்லையா என்றால், இருக்கிறது, நீளமானது. பன்னிரண்டாம் வகுப்பில் உயிரியல் படித்தவர்களுக்கு இயற்கை மருத்துவம், யோகா பட்டப்படிப்பு உண்டு. பயிற்சிக் காலத்தோடு ஐந்தரை ஆண்டு. அக்குபங்சர் அதில் ஒரு பாடம். சென்னை அரும்பாக்கத்தில் அரசுக் கல்லூரியே இருக்கிறது. ஏற்கெனவே பதிவு பெற்ற மருத்துவராக இருப்பவர் கூடுதலாகப் பயின்று செய்வதும் பாதுகாப்பான வழி. இந்த இரண்டுக்கும் வெளியே இருப்பவர் 'தகுந்த பயிற்சி பெற்றவர்' என்ற அந்த ஒற்றைச் சொற்றொடரின் நிழலில்தான் நிற்கிறார். நிழல் நகரும் என்பது தெரிந்து நிற்க வேண்டும்.

மனநலம்தான் எனக்கு அதிகம் கோபம் வரும் இடம். 'உடல் நோய், மன நோய் இரண்டுக்கும் ஒரே படிப்பு' என்று விளம்பரம் செய்து, மனநல ஆலோசகர் சான்றிதழை இலவச இணைப்பாகத் தருகிறார்கள். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் யார் மனநல நிபுணர் என்று வரையறுத்திருக்கிறது: மனநல மருத்துவர், மாநில ஆணையத்தில் பதிவு செய்த உளவியலாளர் போன்றவர்கள், ஆயுர்வேதம், ஹோமியோபதி, யுனானி, சித்தாவில் அதற்கென்று முதுநிலைப் பட்டம் பெற்றவர்கள். சித்தாவில் 'சிறப்பு மருத்துவம்' படித்தவருக்கு இடம் உண்டு. அக்குபங்சர் பெயர் அங்கே இல்லவே இல்லை. மனநோயாளிகளைச் சேர்த்துத் தங்கவைக்கும் எந்த இடமும் மனநல நிலையமாகிவிடும். பதிவு இல்லாமல் நடத்தினால் முதல் முறையே 5,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதம். 'இரண்டு நாள் இங்கேயே இருக்கட்டும்' என்று நோயாளியின் அண்ணன் கெஞ்சினாலும் சம்மதிக்காதீர்கள். உளவியலை அஞ்சல் வழியில் படித்து ஈடுகட்டலாம் என்ற எண்ணமும் வேண்டாம். 2025இல் மானியக் குழு உளவியலைத் தொலைநிலை, இணையவழிப் படிப்புகளிலிருந்து எடுத்துவிட்டது.

மாத்திரை விஷயம் இதைவிட ஆபத்தானது. 'அக்குபங்சர் எடுத்தால் வேறு மருந்து கூடாது' என்று சில பயிற்சி மையங்களில் பாடமாகவே சொல்கிறார்கள். வலிப்பு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் அடங்கியிருந்த வலிப்பு திரும்பி வரும். அப்படி ஒருவர் இறந்தால் என்ன ஆகும்? குற்றங்களுக்குத் தண்டனை சொல்லும் பாரதிய நியாய சம்ஹிதையின் 106ஆம் பிரிவில் கவனக்குறைவால் மரணம் விளைவித்தால் ஐந்தாண்டு வரை சிறை. சிகிச்சையின்போது நேர்ந்ததற்கு இரண்டாண்டு வரை என்ற சலுகை உண்டு. அது மருத்துவப் பதிவேட்டில் பெயர் உள்ளவருக்கு மட்டும். உங்கள் 'பதிவு எண்' அந்தப் பதிவேட்டில் கிடையாது.

ஊசி என்றால் அக்குபங்சர் ஊசி மட்டும். அறையில் சிரிஞ்சும் குளுக்கோஸ் பாட்டிலும் ஆங்கில மாத்திரை அட்டையும் இருந்தால், பதிவின்றி மருத்துவம் செய்ததாகத் தேசிய மருத்துவ ஆணையச் சட்டத்தின் 34ஆம் பிரிவு பாயும்: ஓராண்டு வரை சிறை, ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஹோமியோபதி படித்தவர் ஆங்கில மருந்து கொடுத்து நோயாளி இறந்த வழக்கில், தனக்குத் தெரியாத முறையில் வைத்தியம் செய்பவர் போலி மருத்துவரே என்று உச்ச நீதிமன்றம் 1996இலேயே சொல்லிவிட்டது. குத்தி எடுத்த ஊசியைக் குப்பைத் தொட்டியில் போடுவதும் குற்றம்தான். 2016ஆம் ஆண்டு உயிரி மருத்துவக் கழிவு விதிகளின்படி, துளைக்க முடியாத வெள்ளைப் பெட்டியில் சேர்த்து முறையாக ஒப்படைக்க வேண்டும். எத்தனை பயிற்சி மையங்கள் இதைச் சொல்லித்தருகின்றன என்று விசாரித்துப் பாருங்கள்.

சரி, எங்கே கேட்டு உறுதி செய்வது? ஆயுஷ் அமைச்சகத்தில் கேட்டால், இது எங்கள் பட்டியலில் இல்லை, சுகாதார அமைச்சகம் என்பார்கள். அங்கே கேட்டால், மருத்துவம் மாநில விஷயம் என்பார்கள். மாவட்ட அலுவலகத்தில் நின்றால், மேலிடத்து உத்தரவு வரவில்லை என்பார்கள். பல்கலைக்கழகத்தில் கேட்டால், சான்றிதழ் எங்களுடையதுதான், தொழில் செய்யலாமா என்பது எங்கள் வேலை இல்லை என்பார்கள். நான்கு வாசலிலும் தேநீர் இடைவேளை ஒரே நேரத்தில்தான் வரும். பஸ் ஏறி அலையாதீர்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் செலுத்தி எழுத்தில் கேளுங்கள்.

கேட்கும் விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. 'இந்தப் படிப்பு செல்லுமா?' என்று கேட்டால் அது கருத்து, தகவல் அல்ல என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். 'இன்ன நிறுவனத்துக்கு இன்ன பெயருள்ள அக்குபங்சர் படிப்பை நடத்த அனுமதி தரப்பட்டிருந்தால் அந்த ஆணையின் எண், தேதி, நகல் தருக. இல்லையெனில் பதிவேடுகளில் அப்படி ஆணை இல்லை என்று தெரிவிக்கவும்' என்று எழுதுங்கள். தவறான அலுவலகத்துக்குப் போய்விட்டாலும், ஐந்து நாளுக்குள் உரிய அலுவலகத்துக்கு மாற்றி அனுப்புவது அவர்கள் பொறுப்பு. 6ஆம் பிரிவின் மூன்றாம் உட்பிரிவு என்று மனுவிலேயே குறிப்பிட்டுவிடுங்கள். முப்பது நாள் கெடு. பதில் வரும்வரை சேர்க்கைக் கட்டணம் உங்கள் கையிலேயே இருக்கட்டும். 'இன்றே கட்டினால் பாதிக் கட்டணம்' என்று நாளைக்கு நான்கு முறை தொலைபேசி வரும்.

ஏற்கெனவே கட்டிவிட்டீர்கள் என்றால், ரசீது, விளம்பரத் தாள், வாட்ஸ்அப்பில் அவர்கள் கொடுத்த வாக்குறுதி எல்லாவற்றையும் இன்றைக்கே நகலெடுத்து வையுங்கள். பணத்தைத் திருப்பிக் கேட்கும் கடிதத்தை விரைவுத் தபாலில் (ஸ்பீடு போஸ்ட்) ஒப்புகைச் சான்றோடு அனுப்புங்கள். நேரில் போனால் தேநீர் கொடுத்துப் பேசி அனுப்பிவிடுவார்கள்; கையில் ஒன்றும் மிஞ்சாது. பலகை மாட்டியிருந்தால் பெயருக்கு முன்னால் இருக்கும் 'டாக்டர்' என்ற சொல்லை இன்று மாலைக்குள் அழித்துவிடுங்கள். லெட்டர்பேடிலும் ரப்பர் முத்திரையிலும் சேர்த்து.